கறுப்பினத் தந்தை, தமிழ்த் தாய்: மகளிடம் நிறத்தைப் பற்றி எப்போது, எப்படிப் பேசுவது?

கேட்டிருப்பவர் அமெரிக்காவில் வசிக்கும் ஒரு தமிழ்த் தாய். கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர், கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்து வளர்ந்தவர். நான்கு வயதில் ஒரு மகள், கைக்குழந்தையாக ஒரு மகன். பாலர் பள்ளியிலிருந்து வந்த மகள், “என் முடி ஏம்மா கீழ தொங்க மாட்டேங்குது? எனக்கும் எம்மா மாதிரி வேணும்” என்று கேட்டிருக்கிறாள். எம்மா அவளோடு படிக்கும் சிறுமி. “குழந்தைகிட்ட நிறத்தைப் பத்தியெல்லாம் பேசாதே, பேசினாத்தான் தாழ்வு மனப்பான்மை வரும்” என்கிறார் ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி. “இப்போதே பேச ஆரம்பிக்க வேண்டும்” என்கிறார் கணவர். யார் சொல்வது சரி என்பது கேள்வி.

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொல்வதிலும் பேச்சு சின்னப் பங்குதான். மகளைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பெரிய பங்கு. பாலர் பள்ளிகளோடு பல வருடங்களாக வேலை செய்பவள் என்ற முறையில் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் பாட்டியின் பயம். பேசாவிட்டால் குழந்தைக்குத் தெரியாது என்பது நடைமுறையில் நிற்காது. மூன்று மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. இஸ்ரேலில் வெள்ளையர் நடுவே வளர்ந்த வெள்ளைக் குழந்தைகள் வெள்ளை முகங்களை அதிக நேரம் பார்த்தன. எத்தியோப்பியாவில் வளர்ந்த குழந்தைகள் கறுப்பின முகங்களை. இஸ்ரேலுக்குக் குடிவந்து இரண்டு வகை முகங்களையும் தினமும் பார்த்த எத்தியோப்பியக் குழந்தைகளிடம் அந்தச் சாய்வே இல்லை. பேச்சே வராத வயதில் இப்படி. உங்கள் மகளுக்கோ நான்கு வயது. அவள் கண்டதைத்தான் கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்கு வீட்டில் எல்லோரும் பேச்சை மாற்றினால், வெளியே சொல்லக் கூடாத ஏதோ ஒன்று தன் தலையில் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வாள்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் பொம்மைச் சோதனையை எடுப்பார்கள். மேமி கிளார்க், கென்னத் கிளார்க் என்ற கறுப்பின உளவியல் தம்பதி 1940களில் செய்தது. நிறத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பொம்மைகள். மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகள். எதோடு விளையாட ஆசை, எது நல்ல பொம்மை, எது பார்க்க நன்றாக இல்லை என்று கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையோடு விளையாட ஆசைப்பட்டார்கள். 59 சதவீதம் பேர் பழுப்புப் பொம்மைதான் நன்றாக இல்லை என்றார்கள். கடைசியில் “இதில் உன்னை மாதிரி இருப்பது எது?” என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையை விட்டே ஓடினார்கள். 1954இல் பள்ளிகளில் நிறவாரிப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் வேலையையும் சுட்டியது.

இந்தக் கதையில் அதிகம் சொல்லப்படாத ஒரு பகுதி உண்டு, உங்களுக்கு அதுதான் முக்கியம். அந்தக் குழந்தைகளில் ஒரு பாதி தெற்கே ஆர்கன்ஸாவில் கறுப்பினத்தவர் மட்டுமே படித்த பள்ளிகளில் இருந்தார்கள். மறுபாதி வடக்கே மாசசூசெட்ஸில் வெள்ளைக் குழந்தைகளோடு சேர்ந்து படித்தார்கள். வெள்ளைப் பொம்மையை விரும்பியவர்கள் வடக்கில்தான் சற்று அதிகம். வெள்ளைக் குழந்தையின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டால் மட்டும் பெருமிதம் வந்துவிடாது என்பது அந்த எண்களிலேயே இருந்தது. தீர்ப்புக்குப் பின் நடந்தது அதைவிடக் கசப்பு: பள்ளிகளை இணைத்த பெயரில் தென் மாநிலங்களிலும் அவற்றின் எல்லை மாநிலங்களிலுமாக 17 மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். குழந்தைகளுக்குப் புதிய கட்டடம் கிடைத்தது. தங்களைப் போலவே இருந்து, தங்கள் மேல் நம்பிக்கை வைத்திருந்த பெரியவர்கள் போய்விட்டார்கள்.

பொம்மைச் சோதனையிலிருந்து ‘கறுப்பினக் குழந்தைகள் தங்களையே வெறுக்கிறார்கள்’ என்ற முடிவுக்குப் பலர் தாவினார்கள். அது தவறான தாவல். வில்லியம் கிராஸ் என்ற உளவியலாளர் 1991இல் அதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ‘நான் நல்லவள், என்னை எல்லோருக்கும் பிடிக்கும், என்னால் முடியும்’ என்பது ஒன்று. ‘என் மக்கள் எப்படிப்பட்டவர்கள்’ என்பது வேறொன்று. ஒரு குழந்தைக்கு முதலாவது நிறைந்திருந்து, இரண்டாவதில் குழப்பம் இருக்கலாம். உலகம் அழகு என்று எதைச் சொல்கிறது என்பதைத்தான் பொம்மை அளந்தது. 2000இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அமெரிக்கக் கறுப்பின இளையோரின் தன்மதிப்பு வெள்ளையரைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். குழந்தை தன்னை அளந்து பார்ப்பது தொலைக்காட்சியை வைத்து இல்லை. அம்மா, ஆயா, பெரியப்பா மகன், தேவாலயத்துப் பாட்டி, தெருவில் கூட விளையாடும் பிள்ளைகள் ஆகியோரை வைத்து. வெளியே எவ்வளவு அவமதிப்பு இருந்தாலும் அந்த வட்டம் தடுத்து நின்றது.

உங்கள் வீட்டில்தான் இங்கே ஒரு சிக்கல். அந்த வட்டம் உங்கள் மகளுக்கு இருக்கிறதா? நீங்கள் எழுதியதிலிருந்து நான் ஊகிப்பது: வார நாட்களில் வெள்ளை, ஆசியக் குழந்தைகள் நிறைந்த பாலர் பள்ளி, வார இறுதியில் தமிழ்ப் பள்ளி, தமிழ் நண்பர்கள் வீடு. இத்தனை பேர் நடுவே கறுப்பின முகம் என்று அவள் தினமும் பார்ப்பது அப்பாவை மட்டும்தான். அன்புக்குக் குறையில்லை, அதனால் முதலாவது வகை தானாக வந்துவிடும். இரண்டாவதை நீங்கள் ஒருவராகக் கொடுக்க முடியாது. அது உங்கள் குறை இல்லை. நீங்கள் கறுப்பினப் பெண்ணாக வளர்ந்தவர் இல்லை, அவ்வளவுதான்.

இதை நம் ஊர்ப் பெண் ஒருவர் அறுபது வருடங்களுக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தார். 1958இல் பெர்க்லிக்குப் படிக்க வந்த சியாமளா கோபாலன், ஜமைக்காவிலிருந்து வந்த டொனால்ட் ஹாரிஸை மணந்து, பிரிந்த பிறகு இரண்டு மகள்களைத் தனியாக வளர்த்தவர். இந்த நாடு தன் மகள்களைக் கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும் என்று மூத்த மகள் கமலா ஹாரிஸ் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதனால் அவர்களைத் தன்னம்பிக்கையுள்ள கறுப்பினப் பெண்களாகவே வளர்க்க முடிவெடுத்தாராம். கமலாவின் அரசியல் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு பேச்சு. அந்த வீட்டின் ஏற்பாட்டைப் பாருங்கள். குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஷெல்டன் என்ற கறுப்பின அம்மையார் நடத்திய குழந்தைகள் காப்பகம். அதன் சுவரில் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ், ஹாரியட் டப்மன் படங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓக்லண்டில் கறுப்பினத் தேவாலயத்தில் குழந்தைகள் பாடகர் குழு. வியாழக்கிழமை மாலைகளில் ‘ரெயின்போ சைன்’ என்ற கறுப்பினப் பண்பாட்டு மையம். அதோடு இட்லி தோசை, கோவில், சென்னையில் தாத்தா வீடு, பெசன்ட் நகர் கடற்கரை நடை. ஒன்றுக்காக இன்னொன்றைக் கைவிடவில்லை. தன்னால் கொடுக்க முடியாததைக் கொடுக்கக் கூடியவர்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்.

உங்களுக்கு ஓக்லண்டில் மாமியார் வீடே இருக்கிறது. பண்டிகைக்கு மட்டும் போகும் இடமாக அதை வைக்காதீர்கள். முடிந்தால் மாதத்தில் இரண்டு வார இறுதி. மகளைக் கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளாமல், விட்டுவிட்டு வாருங்கள்.

இப்போது முடி. மகள் கேட்டது அதைத்தான், நானும் இதில்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறேன். தன் உடம்பைப் பற்றி ஒரு கறுப்பினப் பெண்குழந்தை முதலில் கேட்கும் தீர்ப்பு பெரும்பாலும் தலை வாரும் நேரத்தில்தான் வருகிறது. “ஐயோ, என்ன சிக்கு இது!”, “சீப்பே உடைஞ்சிடும் போல”, “இன்னிக்கு நேரமில்லை, எப்படியோ கட்டிவிடறேன்.” சொல்பவர் பாசமான அம்மாதான். ஆனால் வாரத்துக்கு ஏழு நாள் இதைக் கேட்கும் குழந்தை என்ன நினைக்கும்?

பாதிப் பிரச்சினை நாம் நம் முடிக்குப் பழகிய முறையை அந்த முடியிலும் செய்வதுதான். இறுக்கமாகச் சுருளும் முடியில் தலையின் எண்ணெய்ப் பசை நுனி வரை இறங்காது. அதனால் காய்ந்து சீக்கிரம் ஒடியும். காய்ந்த தலையில் சீப்பை வைக்கவே கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை போல் தலைக்கு ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே கன்டிஷனரை நிறையப் போட்டு, முடியை நான்கைந்து பாகமாகப் பிரித்து, விரலாலும் அகலப் பல் சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்று பாட்டி சொல்வார். எண்ணெய் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஈரத்தைக் கொடுக்காது. தண்ணீரும் கன்டிஷனரும் முதலில், எண்ணெய் கடைசியில். பிறகு பின்னல். குழந்தை வலிக்கிறது என்று அழுதால் பின்னல் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். தொடர்ந்து அப்படிப் பின்னினால் நெற்றியோரத்தில் முடி கொட்டத் தொடங்கும். இரவில் சாட்டின் தொப்பி அல்லது சாட்டின் தலையணை உறை. மொத்தத்தில் ஞாயிறு பிற்பகல் முழுக்கப் போய்விடும். கறுப்பின வீடுகளில் ‘வாஷ் டே’ என்றாலே அரை நாள் காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். மாமியாரிடமோ நாத்தனாரிடமோ உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், காணொலியைப் பார்த்து மட்டும் வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை கறுப்பினப் பெண்கள் நடத்தும் சலூனுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வக்கீலம்மா, நர்ஸம்மா, கல்லூரி மாணவி எல்லோருக்கும் தன்னுடையதைப் போன்ற முடிதான் என்று மகள் பார்ப்பாள். நாலு பேர் அவளுடைய மணி கோத்த பின்னலைப் பார்த்துக் கொஞ்சுவார்கள். நீங்கள் வீட்டில் நூறு தடவை “உன் முடி அழகு” என்று சொல்வதைவிட அந்த இரண்டு மணி நேரம் மேல்.

அவள் கேட்டதற்கு நேரடிப் பதிலும் கொடுக்க வேண்டும். “எம்மா முடி கீழ விழும், உன் முடி மேல எழும்பும், சுருளும். அப்பாவோட அம்மாவுக்கும் இதே முடிதான், உனக்கு அவங்ககிட்டேருந்து வந்தது. இன்னிக்கு எத்தனை பின்னல் போடலாம்?” இவ்வளவு போதும். “உன்னுடையதுதான் உலகத்திலேயே அழகு” என்று போட்டியாக ஆக்க வேண்டாம், அடுத்த நாள் அவள் எம்மாவிடம் போய் அதைச் சொல்லுவாள்.

முடியை நேராக்கும் ரசாயனத்தைக் குழந்தைக்குப் போட வேண்டாம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட பொருட்களை அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடம் கருப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கும் மேலாகக் காணப்பட்டது. பள்ளியில் பின்னலுக்கோ சடைமுடிக்கோ ஆட்சேபம் வந்தால் சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்க வாய்ப்பு அதிகம். முடியின் இயல்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் ‘கிரவுன்’ சட்டத்தை 2019இல் கலிஃபோர்னியா முதலில் கொண்டுவந்தது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

இனி, சொல்லச் சங்கடமான பகுதி: நம் ஆட்கள். கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ, பிறந்த குழந்தைக்குக் கடலை மாவு, வெயிலில் விளையாடினால் “கறுத்துப் போயிடுவே”. “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்பது நம் பெரியவர்கள் வாயில் பாராட்டு. உங்கள் மகளுக்குத் தமிழ் புரிகிறது, அதனால் இதுவும் புரியும். வெளியே ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சொல்வதை ஆசிரியரிடம் புகார் செய்யலாம். சொந்தப் பாட்டி சொல்வதை எங்கே கொண்டுபோவாள்? பாட்டியிடம் நீங்களே பேசுங்கள், மாப்பிள்ளையைப் பேசவைக்காதீர்கள். ‘நிறவெறி’ என்ற சொல்லைத் தூக்கிப் போட்டால் அவர் மனம் உடைந்து ஊருக்குக் கிளம்பிவிடுவார். “அம்மா, இந்த வீட்டுல யாரோட நிறத்தைப் பத்தியும் நல்லதாவோ கெட்டதாவோ தரம் பிரிச்சுப் பேச வேண்டாம், உன் பேத்தி கேட்டுக்கிட்டு இருக்கா” என்றால் போதும். இன்னொன்று: “நாமளும் கறுப்புதானே, நமக்கென்ன” என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அவளுக்கு அப்பா வழியில் வந்திருப்பது வெறும் நிறம் இல்லை, ஒரு முழு வரலாறு.

அந்த வரலாற்றை எங்கே தொடங்குவது? அடிமை வியாபாரத்திலிருந்து வேண்டாம். நான்கு வயதுக்குச் சங்கிலியும் சாட்டையும் முதல் அறிமுகமாகக் கூடாது. இன்னொரு பக்கம், ‘நீ ராஜ வம்சம், ஆப்பிரிக்க ராணிகளின் பேத்தி’ என்று ஆரம்பிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நெசவு செய்தவரும் ரயிலில் வேலை பார்த்தவரும் மதிப்புக்குரிய முன்னோர்தான். அப்பாவின் குடும்பக் கதையிலிருந்து தொடங்குங்கள். 1910க்கும் 1970க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தெற்கை விட்டுக் கிளம்பி வடக்குக்கும் மேற்குக்கும் வந்தார்கள். ஓக்லண்ட் குடும்பங்களில் பல, இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தளங்களில் வேலைக்காக லூசியானாவிலிருந்தும் டெக்ஸஸிலிருந்தும் வந்தவை. உங்கள் மாமியாரிடம் கேட்டால் யார் முதலில் வந்தார், பெட்டியில் என்ன கொண்டுவந்தார் என்று சொல்லக்கூடும். பதிவு செய்து வையுங்கள்.

பள்ளியில் பின்னால் ‘குடும்ப மரம்’ வரையச் சொல்வார்கள். அம்மா பக்கம் ஏழு தலைமுறை எழுதலாம். அப்பா பக்கம் ஓரிடத்தில் நின்றுபோகும். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளாக இருந்தவர்கள் பெயரில்லாமல், உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் என்று மட்டும் எண்ணப்பட்டார்கள். அவர்களுடைய பெயர்கள் முதலில் வந்தது 1870 கணக்கெடுப்பில்தான். மரம் ஏன் அங்கே நிற்கிறது என்று எட்டு ஒன்பது வயதில் அவள் கேட்கும்போது, அடிமை முறையைப் பற்றிப் பேசும் நேரம் தானாகவே வந்திருக்கும். அதற்குள் அந்தக் குடும்பத்தின் சமையலும் பாட்டும் கேலியும் அவளுக்குப் பழகியிருக்கும்.

பொம்மை, புத்தகம் பற்றிச் சுருக்கமாக. கறுப்பினப் பொம்மை வாங்குங்கள், வெள்ளைப் பொம்மைக்குப் பழுப்பு வண்ணம் அடித்ததாக இல்லாமல் முகமும் முடியும் பொருந்தியதாக. லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பினத்தவர் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் 1965இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு, அந்த நகரில் கறுப்பினத்தவரே தொடங்கிய ஷிண்டானா நிறுவனம் 1968இல் ‘பேபி நான்சி’ என்ற பொம்மையைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். புத்தகங்கள் இன்று நிறையக் கிடைக்கின்றன. விஸ்கான்சின் பல்கலைக்கழக மையம் ஒன்று 1985இல் எண்ணியபோது, அந்த ஆண்டு வந்த சுமார் 2,500 குழந்தைப் புத்தகங்களில் கறுப்பினத்தவர் எழுதியோ வரைந்தோ வந்தவை 18தான். உங்கள் கணவர் சிறுவனாக இருந்தபோது நிலைமை அப்படி. வாங்கும்போது போராட்ட வரலாறு மட்டும் வேண்டாம். நாய் வளர்க்கும், பல் விழும், மழையில் ஆடும் கறுப்பினக் குழந்தைகளின் கதைகள் அதிகம் இருக்கட்டும்.

பள்ளி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மத்திய கல்வித் துறையின் 2013-14 கணக்குப்படி, அரசு பாலர் வகுப்புகளில் கறுப்பினக் குழந்தைகள் 19 சதவீதம்; இடைநீக்கம் செய்யப்பட்ட பாலர்களில் 47 சதவீதம். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளைப் பற்றிய எண் இது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் 2017 ஆய்வில், ஐந்து வயது முதலே கறுப்பினச் சிறுமிகளுக்கு அரவணைப்பும் ஆறுதலும் குறைவாகப் போதும் என்று பெரியவர்கள் நினைப்பது தெரிந்தது. அதனால் “எவ்வளவு தைரியசாலி, அழவே மாட்டாள்” என்று ஆசிரியர் புகழ்ந்தால் கொஞ்சம் கவனியுங்கள். அவள் அழலாம், அடம்பிடிக்கலாம், நான்கு வயதுதான்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கறுப்பின ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியராவது அமைந்த மிக ஏழைக் கறுப்பினச் சிறுவர்களில், பள்ளியைப் பாதியில் விடுவது 39 சதவீதம் குறைந்ததாக 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. வெள்ளை ஆசிரியர்களால் முடியாது என்றில்லை. வேறோர் ஆய்வில், ஏழாம் வகுப்புக் கட்டுரைகளில் திருத்தங்களோடு, ‘உன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் முடியும் என்று தெரிந்துதான் இதையெல்லாம் எழுதுகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தார்கள். கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதிய கறுப்பின மாணவர்கள் 17 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்தைத் தாண்டினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் கெட்டிக்காரி என்று சும்மா புகழ்வதைவிட இது வேலை செய்யும் என்பது என் அனுபவத்துக்கும் ஒத்துவருகிறது.

யாராவது அவளிடம் “உன் தோல் அழுக்கு” என்று சொல்லிவிட்டால்? சொல்வார்கள். “கண்டுக்காதே”, “பொறாமையில சொல்றாங்க” இரண்டும் வேண்டாம். என்ன நடந்தது என்று முழுக்கக் கேளுங்கள். “அது பொய். தோல் கழுவினா போற அழுக்கு இல்லை. அந்தப் பையனுக்கு யாரோ தப்பாச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. நாளைக்கு நான் டீச்சர்கிட்ட பேசறேன்.” பேசுவதாகச் சொன்னால் மறுநாள் கட்டாயம் பேசிவிடுங்கள்.

பாகுபாட்டைப் பற்றி முன்கூட்டியே எச்சரிப்பது எவ்வளவு என்பதில் அளவு பார்க்க வேண்டும். பெற்றோர் குழந்தைகளிடம் பேசுவதைப் பற்றிய ஆய்வுகளில், பண்பாட்டுப் பெருமிதத்தைக் கொடுப்பது பெரும்பாலும் நன்மையாகவே முடிகிறது. எச்சரிக்கை மட்டும் தனியாக வந்தால் பலன் கலவைதான். ‘யாரையும் நம்பாதே’ என்று வளர்ப்பது கெடுதல். எனவே நான்கு வயதில் முடி, தோல், குடும்பம், நியாயம் அநியாயம். எட்டு பத்து வயதில் வரலாறும், கடையில் சந்தேகப்பட்டுப் பின்தொடரும் காவலாளியும்.

மகன் விஷயத்தில் கொஞ்சம் முன்னாடியே தொடங்க வேண்டியிருக்கும். கறுப்பினச் சிறுவர்களைப் பத்து வயதிலிருந்தே உள்ளதைவிட வயதில் மூத்தவர்களாகவும் குற்றத்தில் பங்குள்ளவர்களாகவும் பார்க்கிறார்கள் என்று 2014இல் வந்த ஆய்வு காட்டியது. அதே ஆண்டு நவம்பரில் கிளீவ்லண்டில் விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த பன்னிரண்டு வயது டமீர் ரைஸைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதனால்தான் கறுப்பின வீடுகளில் விளையாட்டுத் துப்பாக்கியை வெளியே எடுத்துப்போக விடமாட்டார்கள், போலீஸ் நிறுத்தினால் கை எங்கே இருக்க வேண்டும் என்று மகன்களுக்குச் சொல்லிவைப்பார்கள். அந்தப் பேச்சை உங்கள் கணவர் தன் அப்பாவிடமிருந்து கேட்டிருப்பார். மகனிடம் அவரே பேசட்டும். நீங்களும் கூட உட்காருங்கள், ஆனால் குறுக்கே “இதெல்லாம் எதுக்குக் குழந்தைகிட்ட” என்று மட்டும் சொல்லாதீர்கள்.